பச்சைக்காகப் பட்டினி கிடந்தவர்கள்

உங்கள் சுகாதார நிலையத்துப் பலகையில் எல்லாக் கட்டமும் பச்சையாக இருந்தால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். மாத்திரை வாங்க வரிசையில் நிற்கிறவர்களிடம் போய், ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவள் பொழுது போகாமல் எதையோ உளறுகிறாள் என்று நினைக்க வேண்டாம். அந்த ஒரு கேள்வியை நான் இரண்டு மாதம் கேட்காமல் விட்டதில் என்ன நடந்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் செவிலியராக இருந்தவள். கடைசிச் சில வருடங்கள் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பொறுப்புச் செவிலியர். வேலையில் சேர்ந்த புதிதில் நோயாளியைத்தான் அளந்துகொண்டிருந்தோம். பிறகு நம்மை அளக்க ஆரம்பித்தார்கள். தப்பில்லை, அளக்க வேண்டியதுதான். ஆனால் அளக்கிறார்கள் என்று தெரிந்ததும் மனுஷ புத்தி என்னவெல்லாம் செய்யும் தெரியுமா? நோயாளிகளின் காத்திருப்பு நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று ஒரு முறை உத்தரவு வந்தது. டோக்கன் கொடுத்ததிலிருந்து டாக்டரைப் பார்க்கும் வரை கணக்கு. ஒரு நிலையத்தில் டாக்டர் வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் டோக்கனே கொடுத்தார்கள். ஜனங்கள் விடிந்ததும் வந்து செருப்பை வரிசையில் போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். செருப்பு காத்திருப்பது கணக்கில் வராதே! அந்த மாதம் காத்திருப்பு நேரத்தில் அவர்கள்தான் முதலிடம். கூட்டத்தில் கைதட்டினோம், நானும்தான் தட்டினேன்.

சரி, கதைக்கு வருகிறேன். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்று எங்களிடம் பதிவு செய்தவர்களில் எத்தனை பேருக்கு அது கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று மாதா மாதம் பார்த்து நிலையத்துக்கு ஒரு நிறம் கொடுப்பார்கள். நன்றாக இருந்தால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. அதை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று உத்தரவு. கூடத்தில் குடிதண்ணீர் டிரம்முக்கு மேலே பலகையை மாட்டினோம். மாதம் தவறாமல் சிவப்பு.

அந்தப் பிரிவைப் பார்த்துக்கொண்டவள் ரேவதி. ஒப்பந்தச் செவிலியர், வருடா வருடம் நீட்டிப்பு ஆணை வந்தால்தான் வேலை. ஐயப்பன்தாங்கலில் இருந்து பஸ் மாறி வருவாள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. ஜனங்களுக்கு நான் பெரிய சிஸ்டர், அவள் சின்ன சிஸ்டர். என்னைக் கண்டால் பயம், அவளைக் கண்டால் பாசம். நான் போடுகிற சத்தத்துக்கு வேறென்ன கிடைக்கும்? ஊசி போடும்போது அவள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே போட்டுவிடுவாள், போட்டதே தெரியாது. யாருக்கு மகன் பேசுவதில்லை, யாருக்கு மருமகள் சண்டை எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனாலும் பலகை சிவப்புத்தான். கள்ளிக்குப்பத்திலும் பருத்திப்பட்டிலும் மனிதர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதை ரேவதியா தீர்மானிக்கிறாள்?

ஒரு நாள் ஆய்வு அதிகாரி வந்தார். கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர். வந்ததும் பலகையைப் பார்த்தார், முகம் மாறியது. தனி அறைக்குக் கூப்பிட்டுத் திட்டியிருக்கலாம். நடுக் கூடத்தில், அத்தனை நோயாளிகளுக்கும் முன்னால் ரேவதியை நிற்க வைத்து, "என்னம்மா பண்றீங்க? இது இப்படியே சிவப்பா இருந்துச்சுன்னா உங்க காண்ட்ராக்டை நான் நீட்டிக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ரேவதி தலையைக் குனிந்துகொண்டு அடுத்தவர் விரலில் ஊசி குத்தினாள்.

அடுத்த மாதம் மஞ்சள். அதற்கடுத்த இரண்டு மாதமும் பச்சை!

எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரம்மா எல்லோருக்கும் டீயும் மசால் வடையும் வாங்கிக் கொடுத்தார். சின்ன வயசு டாக்டர், படித்து முடித்ததும் எங்களிடம் வந்தவர், நல்ல மாதிரி. ரேவதி பலகையின் முன்னால் நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள். அதிகாரியே என்னைக் கூப்பிட்டு, "அடுத்த ஆய்வுக் கூட்டத்துல நீங்க பேசணும்மா. எப்படிப் பச்சையாக்குனீங்கன்னு மத்த நிலையத்துக்காரங்க தெரிஞ்சுக்கட்டும்" என்றார். நானும் மனசுக்குள் பேச்சைத் தயார் செய்துகொண்டேன். அன்பான கவனிப்பு, இடைவிடாத ஆலோசனை என்று அடுக்கடுக்காக வந்தது. நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் செவ்வாய்க்கிழமை, வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்கிற நாள். வரிசையில் கன்னியம்மா நின்றாள். கள்ளிக்குப்பத்தில் தள்ளுவண்டியில் காய்கறி விற்கிறவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். அவள் முறை வருவதற்குள், "சிஸ்டர், கண்ணு இருட்டிகினு வருது" என்று சொல்லிக்கொண்டே பெஞ்சில் சரிந்தாள். உடம்பெல்லாம் வேர்வை, கை நடுக்கம். விரலில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. நல்ல வேளையாக நினைவு இருந்தது, விழுங்க முடிந்தது. குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து ரேவதி வாயில் புகட்டினாள். டாக்டரம்மா பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து நாடியைப் பிடித்துக்கொண்டே இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கன்னியம்மா கண்ணைத் திறந்தாள்.

"ராத்திரி என்ன சாப்பிட்டே?" என்றேன்.

"இன்னாத்த துன்றது? ஒண்ணும் துன்னல."

"காலையில மாத்திரை போட்டியா?"

"போட்டேன். ரெண்டு."

"ரெண்டா? யாரு ரெண்டு போடச் சொன்னது? ரத்தம் எடுத்த பிறகு, சாப்பாட்டோட ஒண்ணு போடச் சொல்லித்தானே கொடுத்தோம்!"

அவள் என்னைப் பார்க்கவில்லை. வரிசையைப் பார்த்தாள். வரிசை முழுக்கத் தரையைப் பார்த்தது. ஒவ்வொருவராகக் கேட்டேன். ராத்திரி சாப்பாடு? இல்லை. மாத்திரை? இரண்டு. ஒருவர் மூன்று நாளாகப் பாகற்காய்ச் சாறு. ஒரு அம்மா கொதிப்பு மாத்திரையை இரண்டாகப் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் வந்தால் பிரஷர் ஏறிவிடும் என்று மகனை ஸ்கூட்டரில் மெதுவாக ஓட்டச் சொல்லி வந்திருக்கிறாள்!

இதற்கெல்லாம் தலைவர் தங்கராசு என்று தெரிய வந்தது. ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வேலைக்காலம் முழுக்க குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, கடைசியில் இந்தப் பக்கமே மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டார். தொழிற்சாலையில் அவர் இருந்தது பரிசோதனைப் பிரிவு. எங்கள் நிலையத்தின் மாதிரி நோயாளி அவர்தான். இந்தச் சில மாதமாக அவருடைய சர்க்கரை அளவு அவ்வளவு அழகாக இருந்தது, மற்றவர்களுக்கு உதாரணம் காட்டுவேன். எனக்கு வந்ததே கோபம்!

"தங்கராசு அண்ணே, என்ன வேலை இது?"

அவர் எழுந்து நின்றார். குற்ற உணர்ச்சி துளியும் இல்லை. "கோவப்படாதீங்கம்மா. நான் காலம் பூரா இன்ஸ்பெக்ஷன்ல இருந்தவன். இன்ஸ்பெக்ஷன் வார அன்னைக்கு எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியாதா? மாசத்துல ஒரு நாள்தான அளக்காங்க. அந்த ஒரு நாளைக்குச் சரியா இருந்தாப் போதும்லா. அன்னைக்கு அந்த ஆபீசர் நம்ம பிள்ளைய எல்லார் முன்னாலயும் வச்சு அப்படிப் பேசிட்டுப் போனாரு. கேட்டுக்கிட்டு சும்மா இருக்கச் சொல்லுதீங்களா?"

"அதுக்கு?"

"எல்லாரையும் வெளிய மரத்தடியில உக்கார வச்சுப் பேசினேன். செவ்வாக்கெழமைக்கு மட்டும் கட்டுப்பாடு. மத்த நாள் அவங்கவங்க இஷ்டம்."

பெஞ்சில் படுத்தபடியே கன்னியம்மா ரேவதியைக் கைகாட்டி, "பாப்பா வேல போயிடக் கூடாதுல்ல சிஸ்டர்" என்றாள்.

முப்பது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்தேன். வேலை போய்விடுமோ என்று கணக்கைத் திருத்திய ஊழியர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு செவிலியர் வேலை போகக் கூடாது என்று தன் உடம்பையே திருத்திக்கொண்டு வந்த நோயாளிகளை அன்றுதான் பார்த்தேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ரேவதி அழுதேவிட்டாள்.

அப்புறம்தான் டாக்டரம்மாவுக்கு வேறொன்று உறைத்தது. தங்கராசுவின் பாதத்தில் ஒரு புண். எவ்வளவு மருந்து போட்டும் ஆறவே இல்லை. சர்க்கரை நன்றாக இருக்கிறதே, பிறகு ஏன் ஆறவில்லை என்று டாக்டரம்மா குழம்பிக்கொண்டிருந்தார். அந்தச் சர்க்கரை அளவே செவ்வாய்க்கிழமைக்காகச் செய்தது! அதை நம்பி மருந்தை ஏற்றாமல் விட்டிருந்தார். இன்னும் சில மாதம் போயிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும். அந்த மனிதர் எங்கள் பலகையைப் பச்சையாக்கத் தன் காலையே பணயம் வைத்திருக்கிறார், அது அவருக்கே தெரியாது.

மதியம் நோயாளிகள் எல்லோரும் போனதும் டாக்டரம்மா என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு, "சிஸ்டர், ரேவதி ஃபைல் மேல போயிருக்கு. இந்த மாசம் கையெழுத்தாகிடும். அதுவரைக்கும் நாம எதுவும் சொல்லாம இருந்தா? இவங்ககிட்ட பட்டினி கிடக்காதீங்கன்னு மட்டும் சொல்லிடலாம்" என்றார்.

உங்களுக்கும் இப்படி ஒரு மதியம் வரும், அதனால்தான் இதை விவரமாகச் சொல்கிறேன். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டால் ஒரு பெண்ணின் பிழைப்புக்கு ஆபத்தில்லை. ஆனால் நான் கூட்டத்தில் எழுந்து, பலகை பச்சையான கதையைப் பாட்டாகப் பாடப் போகிறேன். அதைக் கேட்டு இன்னும் எத்தனையோ நிலையங்கள் எங்களை மாதிரி ஆக வேண்டும் என்று கிளம்பும். எங்கேயாவது ஒரு கன்னியம்மா பெஞ்சில் விழாமல் ரோட்டில் விழுவாள். பக்கத்தில் குளுக்கோஸோடு யாரும் இருக்க மாட்டார்கள். இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே ரேவதி கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"சிஸ்டர், நீங்க ரெண்டு பேரும் என்ன பேசுறீங்கன்னு தெரியும். என்னால ஒருத்தர் செத்தா, அந்த வேலைய வச்சுக்கிட்டு நான் என்ன செய்யப் போறேன்? கூட்டத்துல சொல்லிடுங்க."

அந்த வேலையை நம்பித்தான் அவள் வீடு இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

கூட்டத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி மைக்கைப் பிடித்து, "எல்லாரும் குறிச்சுக்கங்க" என்று வேறு சொன்னார். எல்லோரும் பேனாவைத் திறந்தார்கள்.

"சார், நாங்க ஒண்ணும் பண்ணல. நோயாளிங்க பட்டினி கிடந்தாங்க" என்றேன்.

நகைச்சுவை என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். சிரிப்பு பாதியில் நின்றது. அதிகாரியின் முகம் இறுகிப்போனது.

"அப்போ அந்தப் பச்சை?"

"பொய் சார்."

"உண்மையில என்ன கலர்?"

"சிவப்பா இருக்கும் சார். முன்ன இருந்ததைவிட அதிகமாக்கூட இருக்கலாம்."

"நான் நேர்ல வந்து பார்க்கறேன். அதுவரைக்கும் அந்தப் பொண்ணு ஃபைல் என் மேசையிலயே இருக்கட்டும்" என்றார். நான் இறங்கி வந்து உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலிக்காரி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அடுத்த பரிசோதனை நாளுக்கு முன்னால் ரேவதியே மரத்தடிக்குப் போய் எல்லோரிடமும் பேசினாள். எப்போதும் சாப்பிடுகிற மாதிரி ராத்திரி சாப்பிட்டுவிட்டு வாருங்கள், காலையில் மாத்திரையைக் கையில் கொண்டு வாருங்கள், சாப்பாட்டோடு ஒன்று போட்டால் போதும், என்ன வருகிறதோ வரட்டும் என்றாள். தங்கராசு ஒத்துக்கொள்ளவே இல்லை. "தோத்துப் போறதுக்குன்னே ஒரு இன்ஸ்பெக்ஷனா? நல்லா இருக்கும்மா கதை" என்று புலம்பினார். "உங்க கால் புண்ணு ஆறணும்ணே. அது ஆறலைன்னா எனக்கு இந்த வேலை எதுக்கு?" என்று ரேவதி கேட்டதும் தன் காலைப் பார்த்துத் தலையாட்டினார்.

அதிகாரி சொன்னபடி வந்தார். கூடத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். முதல் ஆள் தங்கராசு. ரேவதி விரலில் குத்தினாள். கருவி முந்நூறைத் தாண்டிக் காட்டியது. தங்கராசு அதை எட்டிப் பார்த்துவிட்டு, "நான் ரிஜெக்ட் பீஸும்மா" என்றார். ஒருவர் பின் ஒருவராக அதே கதைதான். கருவியிலேயே கோளாறோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு அம்மா தானாகவே, "நேத்து கல்யாணத்துல ரெண்டு ஜிலேபி சிஸ்டர்" என்று ஒப்புக்கொண்டாள். டாக்டரம்மா ஒவ்வொருவருக்காக மருந்தை மாற்றி எழுதிக்கொண்டே இருந்தார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அந்த அறையில் உருப்படியாக வைத்தியம் நடந்தது என்று சொல்வேன். பலகையில் நிறத்தை மாற்ற வேண்டிய கட்டம் வந்தது. ரேவதியே ஸ்டூலில் ஏறிச் சிவப்பு அட்டையைச் செருகினாள்.

அதிகாரி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். கன்னியம்மாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"இன்னா சார், பாத்துகினே கீறியே? நாங்க கண்டதயும் துன்னா இந்தப் பொண்ணு இன்னா பண்ணும்? எங்க ஊட்டுக்கு வந்து வாயப் பொத்துமா?" என்றவள், கிட்டே போய் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "உனுக்கு இன்னா சார் இப்டி வேர்க்குது? பாப்பா, மொதல்ல இவருக்குப் பாரு!"

"அதெல்லாம் வேணாம்மா" என்றார் அதிகாரி. கூடமே விடவில்லை. தங்கராசு எழுந்து, ரேவதியின் மேசைக்குப் பக்கத்தில் இருந்த தன் நாற்காலியைக் கொடுத்தார். ரேவதி பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நன்றாகவே ஏறியிருந்தது.

"அது ஒண்ணும் இல்லம்மா. வெயில்ல வந்தேன், வர்ற வழியில டிராஃபிக் வேற. அதான் ஏறியிருக்கும்" என்றார் அதிகாரி. நாம் தினம் பத்து வாயில் கேட்கிற அதே வசனம்! "கொஞ்சம் கம்மியா எழுதிக்கங்க."

ரேவதியின் பிழைப்பு அந்த மனிதரின் கையில் இருக்கிறது. நானாக இருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

ரேவதி, "அஞ்சு நிமிஷம் அமைதியா உக்காருங்க சார், மறுபடி பார்க்கறேன். அப்பவும் இதே வந்தா இதைத்தான் எழுதுவேன்" என்றாள்.

உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தோம். மறுபடி பார்த்தாள், கொஞ்சமும் இறங்கவில்லை. ரேவதி அவர் பெயரைக் கேட்டு, புது அட்டையில் எழுதி, அளவையும் உள்ளபடியே எழுதினாள்.

"ஒரு தடவை பார்த்ததை வச்சுச் சொல்ல முடியாது சார். டாக்டரம்மாவைப் பார்த்துட்டுப் போங்க. உப்பைக் குறைங்க, ஊறுகாய் வேணாம். அடுத்த மாசம் திரும்ப வந்து பார்க்கணும்."

அவர் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, மேலே இருந்த சிவப்பைப் பார்த்தார்.

"அடுத்த மாசம் நான் வந்தா யாரும்மா பார்ப்பாங்க? நீங்கதானே?"

"அது உங்க கையிலதான் சார் இருக்கு" என்றாள் ரேவதி.

கன்னியம்மா கொக்கரித்துச் சிரித்தாள். அவளைப் பார்த்துத் தங்கராசு சிரித்தார், பிறகு கூடமே சிரித்தது. கடைசியில் அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காரில் இருந்த பையை எடுத்து வரச் சொன்னார். ரேவதியின் ஃபைல் அதற்குள்தான் இருந்திருக்கிறது. மாத்திரை கொடுக்கிற மேசையில் வைத்து, அந்தச் சிவப்புப் பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்.

எழுந்தவர் என் பக்கம் திரும்பி, "உங்க சிவப்பை நம்பிட்டேன்மா. மத்த இடத்துப் பச்சையை எல்லாம் வச்சுக்கிட்டு இப்ப நான் என்ன பண்றது?" என்று கேட்டார்.